ஆடிட்டர்களுக்கும் இன்ஃபோசெக் கமிட்டிகளுக்கும்: விண்டோஸ் அட்மின கிளஸ்டர் டேட்டாபேஸ்ல இருந்து தள்ளி வைக்கறத பத்தி ஒரு திறந்த மடல்

வருஷா வருஷம் ஐடி ஆடிட் பண்ண வர்றவங்களுக்கும், கம்பெனிக்குள்ள உக்காந்து பாலிசி எழுதற இன்ஃபோசெக் கமிட்டிக்காரங்களுக்கும் வணக்கம்.

நான் மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வருக்கு டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் அட்மின், பல வருஷமா இதே பொழப்புதான். உங்க செக்லிஸ்ட் எல்லாத்துலயும் ஒரு வரி இருக்கு, ஆபரேட்டிங் சிஸ்டம் அட்மினுக்கு டேட்டாபேஸுக்குள்ள ஆக்சஸ் இருக்கக்கூடாதுன்னு. அந்த வரிய பத்திதான் இந்த மடல். முதல்லயே சொல்லிடறேன், அந்த வரி சரி, நூத்துக்கு நூறு சரி, அத எடுத்துடுங்கன்னு கேக்க நான் வரல. அது நிறைவேறிடுச்சான்னு நீங்க பாக்கற விதத்துல ரெண்டு கெடுதல் நடக்குது, ஒண்ணு ஒழுங்கா ஓடிட்டு இருக்கற கிளஸ்டர் (ஒரு சர்வர் விழுந்தா இன்னொண்ணு வேலைய எடுத்துக்கற மாதிரி சேத்து வெச்ச சர்வர்கள்) விழுது, இன்னொண்ணு டேட்டா முன்ன எவ்ளோ திறந்து கெடந்துச்சோ அவ்ளோவே திறந்து கெடக்குது, ஆனா எல்லாரும் மூடியாச்சுன்னு நம்பிட்டு இருக்காங்க.

அந்த வரி ஏன் சரின்னு நான் நினைக்கறேன்னா, சர்வர் டீம்ல இருக்கற ஒரு தம்பிக்கு பேட்ச் போடணும், டிஸ்க் ரொம்புதான்னு பாக்கணும், நோட், அதாவது கிளஸ்டர்ல இருக்கற ஒரு சர்வர, ரீபூட் பண்ணணும், இதுக்கு எதுக்கும் யார் சம்பளம் எவ்ளோ, யார் கடன் எத்தனை மாசமா நிலுவைல இருக்கு, எந்த கஸ்டமரோட பான் நம்பர் என்னன்னு தெரிய வேண்டியதே இல்ல. அவனுக்கும் அது வேண்டாம். நாளைக்கு ஒரு லிஸ்ட் வெளிய கசிஞ்சா முதல்ல விசாரிக்கறது நைட் ஷிஃப்ட்ல இருந்த அவனத்தான், எனக்கு உள்ள போக வழியே கிடையாது, லாக்க பாத்துக்கோங்கன்னு அவன் தைரியமா சொல்ல முடியணும். அவனுக்கு அந்த பாதுகாப்ப குடுக்க வேண்டிய பொறுப்பு நம்மகிட்டதான் இருக்கு.

இப்ப இது நடைமுறைல எப்படி நடக்குதுன்னு சொல்றேன். எஸ்க்யூஎல் சர்வர் 2005 வரைக்கும் இன்ஸ்டால் பண்ணினாலே பில்ட்இன் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்னு ஒரு குரூப் தானா சிஸ்அட்மினா உள்ள வந்து உக்காந்துடும், அதாவது அந்த மெஷின்ல யாரெல்லாம் விண்டோஸ் அட்மினோ அவங்க எல்லாரும் டேட்டாபேஸ்லயும் முழு அதிகாரி. 2008ல இருந்து மைக்ரோசாஃப்ட் அத நிறுத்திட்டாங்க, செட்டப் ஓடும்போதே யாரு சிஸ்அட்மின்னு நம்மகிட்ட கேக்குது. ஆனா பழைய சர்வர அப்படியே மேல மேல அப்கிரேட் பண்ணிட்டு வந்த இடங்கள்ல அந்த குரூப்பும் கூடவே வந்துட்டே இருக்கும், அது உங்க ஸ்கேன்ல மாட்டும், ரிப்போர்ட்ல ஹை ரிஸ்க்னு செவப்புல வரும், உடனே யாராவது அந்த லாகின ட்ராப் பண்ணி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, உங்களுக்கு அனுப்பி, ஃபைண்டிங் க்ளோஸ்டுன்னு மெயில் வந்துடும்.

தனி சர்வர்னா இதுல பெருசா ஒண்ணும் ஆகாது. கிளஸ்டர்ல அப்படி இல்ல. கிளஸ்டர் சர்வீஸ்னு ஒண்ணு இருக்கு இல்லையா, அது டேட்டாபேஸ் உயிரோட இருக்கான்னு அப்பப்ப கேட்டுட்டே இருக்கும். பழைய வெர்ஷன்கள்ல லுக்ஸ்அலைவ்னு 5 செகண்டுக்கு ஒரு தடவ மேலோட்டமா ஒரு பார்வை, ஐஸ்அலைவ்னு 60 செகண்டுக்கு ஒரு தடவ உள்ளயே லாகின் பண்ணி, உன் பேர் என்னன்னு ஒரு சின்ன செலக்ட் குவெரி. அந்த லாகின் எந்த வழியா நடந்துச்சுன்னா, கிளஸ்டர் சர்வீஸ் ஓடற அக்கவுண்ட் அந்த மெஷின்ல லோக்கல் அட்மின், அதனால அதே பில்ட்இன் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப் வழியா. குரூப்ப எடுத்துட்டா கிளஸ்டரும் வெளிய நிக்கும்.

ஒரு நிறுவனத்துல 2005 கிளஸ்டர்ல இத நான் நேர்ல பாத்தேன். குரூப்ப எடுத்த அன்னைக்கு ஒண்ணுமே ஆகல, ஏன்னா கிளஸ்டர் ஏற்கனவே திறந்து வெச்சிருந்த கனெக்ஷன்லயே கேட்டுட்டு இருந்துச்சு. அப்புறம் பேட்ச் நைட் வந்துச்சு, சர்வர் டீம் வழக்கம்போல டேட்டாபேஸ் ஓடற கிளஸ்டர் குரூப்ப (இது வேற குரூப்) அடுத்த நோடுக்கு தள்ளினாங்க, ஆன்லைன் பெண்டிங்னு கொஞ்ச நேரம் நின்னுட்டு ஃபெயில்டுன்னு வந்துச்சு, திரும்ப பழைய நோடுக்கு போச்சு, அங்கயும் அதே கதை. பாவம் அந்த ஷிஃப்ட்ல இருந்தவர் டிஸ்க்க பாக்கறார், நெட்வொர்க்க பாக்கறார், ஸ்டோரேஜ் டீம எழுப்பறார். எரர்லாக்க திறந்தா டேட்டாபேஸ் ஒவ்வொண்ணும் ரெக்கவரி முடிஞ்சு நல்லா எழுந்து நிக்குது, அதுக்கு கீழ வரிசையா 18456, லாகின் ஃபெயில்டு, ஒவ்வொரு வரிலயும் கிளஸ்டர் அக்கவுண்ட் பேரு. டேட்டாபேஸுக்கு ஒரு கோளாறும் இல்ல, கேக்க வந்த ஆளுக்கு கதவ திறக்கல, அதனால செத்துப்போச்சுன்னு கிளஸ்டர் முடிவு பண்ணி அத நிறுத்தி நிறுத்தி தூக்குது. கிளஸ்டர் அக்கவுண்டுக்குன்னு தனியா ஒரு லாகின் போட்டதும் நின்னுடுச்சு, அதுக்கு வெறும் கனெக்ட் பண்ற உரிமை போதும், சிஸ்அட்மின் எல்லாம் தேவையே இல்ல. மைக்ரோசாஃப்டே அந்த காலத்துல இதுக்குன்னு ஒரு சப்போர்ட் கட்டுரை போட்டிருந்தாங்க, முதல்ல கிளஸ்டர் அக்கவுண்ட லாகினா சேருங்க, அப்புறம் குரூப்ப எடுங்கன்னு. வரிசை மாறினா இதுதான் கதி.

இது பழங்கதை, இப்ப யார் 2005 வெச்சிருக்காங்கன்னு கேப்பீங்க. இதே விஷயம் இப்ப வேற பேர்ல நடக்குது. விண்டோஸ் சர்வர் 2008ல இருந்து கிளஸ்டர் சர்வீஸ் தனி டொமைன் அக்கவுண்ட்ல ஓடறதில்ல, விண்டோஸோட உள் அக்கவுண்டான லோக்கல் சிஸ்டமா ஓடுது. ஆல்வேஸ்ஆன் அவைலபிலிட்டி குரூப் (டேட்டாபேஸோட காப்பிய பல நோட்ல ஒத்திசைச்சு வெக்கற முறை) வெச்சிருக்கற இடத்துல ஹெல்த் செக் பண்ண உள்ள வர்ற லாகின் என்டி அத்தாரிட்டி சிஸ்டம், அதாவது அதே லோக்கல் சிஸ்டம். அதுக்கு மூணே மூணு பெர்மிஷன் வேணும், கனெக்ட் எஸ்க்யூஎல், வியூ சர்வர் ஸ்டேட், ஆல்டர் எனி அவைலபிலிட்டி குரூப். உங்க ஸ்கேனிங் டூல் இந்த பேர பாத்ததும் தேவையில்லாத பிரிவிலேஜ்டு லாகின்னு கொடி காட்டுது, யாரோ டிசேபிள் பண்றாங்க, அடுத்த ஃபெயிலோவர்ல, அதாவது வேலை வேற நோடுக்கு மாறறப்ப, 41131னு எரர் வந்து அவைலபிலிட்டி குரூப் ஆன்லைன் வராம நிக்குது.

அதுக்காக அந்த லாகின இருக்கற மாதிரியே விட்டுடுங்கன்னும் சொல்ல வரல. நிறைய இடங்கள்ல, எதுக்கு வம்புன்னு சிஸ்டத்துக்கு சிஸ்அட்மினே குடுத்து வெச்சிருக்காங்க. எஸ்க்யூஎல் சர்வர் 2012ல இருந்து டீஃபால்ட்டா அது சிஸ்அட்மின் கிடையாது, ஆனா யாரோ பழைய ஸ்க்ரிப்ட்ல இருந்து எடுத்து போட்டிருப்பாங்க. இது ரொம்ப தப்பு, ஏன்னா லோக்கல் அட்மினா இருக்கற யாரும் பிஎஸ்எக்ஸெக்னு ஒரு சாதாரண டூல வெச்சு ஒரே கமாண்ட்ல சிஸ்டமா மாறிடலாம், மாறி எஸ்க்யூஎல்சிஎம்டிங்கற கமாண்ட் டூல திறந்தா அவர்தான் டேட்டாபேஸுக்கு ராஜா. பில்ட்இன் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ எடுத்தாச்சுன்னு ஸ்க்ரீன்ஷாட் குடுத்த அதே சர்வர்ல இது சிஸ்அட்மினா இருக்கறத நான் பாத்திருக்கேன். உங்க ரிப்போர்ட்ல அது க்ளோஸ்டு. அதனால அந்த லாகின் இருக்கா இல்லையான்னு பாக்கறத விட்டுட்டு, அதுக்கு அந்த மூணு பெர்மிஷன தவிர வேற என்ன இருக்குன்னு கேளுங்க.

கிளஸ்டருக்கே உரிய இன்னொரு ஓட்டை, இத பத்தி இதுவரைக்கும் ஒரு ஆடிட்டர்கூட என்கிட்ட கேட்டதில்ல. அவைலபிலிட்டி குரூப்ல ஒவ்வொரு நோடும் தனித்தனி எஸ்க்யூஎல் இன்ஸ்டன்ஸ், டேட்டாபேஸ் மட்டும்தான் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ஒத்திசையும். லாகின்கள் மாஸ்டர் டேட்டாபேஸ்ல இருக்கு, மாஸ்டர் அந்த குரூப்புக்குள்ள வராது. 2022ல கண்டெய்ண்டு அவைலபிலிட்டி குரூப்னு ஒண்ணு வந்திருக்கு, அதுக்குன்னு சொந்த மாஸ்டர் உண்டு, ஆனா பெரும்பாலான இடங்கள்ல இன்னும் பழைய மாதிரிதான் ஓடுது. அப்படின்னா என்ன அர்த்தம், ப்ரைமரில, அதாவது இப்ப வேலை ஓடற நோட்ல, ஒரு லாகின எடுத்தா, காப்பி வெச்சிருக்கற செகண்டரில அது பத்திரமா இருக்கும். அந்த செகண்டரியும் முழு டேட்டாவையும் வெச்சிருக்கற முழு காப்பி. ரீடபிள் செகண்டரியா இருந்தா ஃபெயிலோவருக்குக்கூட காத்திருக்க வேண்டாம், நேரா போய் படிச்சுக்கலாம். பெரிய விபத்து வந்தா எடுத்துக்கறதுக்குன்னு வேற இடத்துல இருக்கற டிசாஸ்டர் ரெக்கவரி (டிஆர்) சைட்ல ஒரு நோடு இருக்கும், அத யாருமே எட்டிப் பாக்கறதில்ல, அங்க யார் யாரு லோக்கல் அட்மின்னு கேட்டா பதில் சொல்ல ஆள் கிடையாது. நீங்க வாங்கற ஸ்க்ரீன்ஷாட் எப்பவும் ப்ரைமரில இருந்துதான் வருது. ஒரே இன்ஸ்டன்ஸ் ஷேர்டு டிஸ்க்கோட நோடு நோடா நகர்ற பழைய ஸ்டைல் ஃபெயிலோவர் கிளஸ்டர்ல இந்த பிரச்சனை இல்ல, அங்க மாஸ்டரும் கூடவே நகரும். அதனால எந்த மாதிரி கிளஸ்டர்னே கேக்காம ஒரே கேள்வித்தாள எல்லாருக்கும் குடுக்காதீங்க.

சரி, எல்லா நோட்லயும் எல்லா லாகினையும் ஒழுங்கா எடுத்தாச்சுன்னே வெச்சுக்குவோம். அப்பவும் விண்டோஸ் அட்மின் உள்ள வரலாம், இத நான் ரகசியமா சொல்லல, மைக்ரோசாஃப்ட் டாக்குமெண்டேஷன்லயே இருக்கு. எஸ்ஏங்கற தலைமை லாகினோட பாஸ்வேர்ட் தொலைஞ்சுபோய் எல்லாரும் வெளிய மாட்டிக்கிட்டா மீட்கறதுக்குன்னு வெச்ச வழி அது, எஸ்க்யூஎல் சர்வீஸ நிறுத்தி, மைனஸ் எம்ங்கற ஆப்ஷன் போட்டு சிங்கிள் யூசர் மோட்ல எழுப்பினா, அந்த மெஷினோட லோக்கல் அட்மின் யாரா இருந்தாலும் சிஸ்அட்மினா நுழையலாம், நுழைஞ்சு தனக்கு ஒரு லாகின் போட்டுக்கலாம். கிளஸ்டர்னா ரிசோர்ஸ ஆஃப்லைன் பண்ணிட்டு கைல எழுப்பணும், அவ்ளோதான் வித்தியாசம். இது இல்லாம பேக்கப் ஃபைல் இருக்கு, அத எடுத்துட்டு போய் வேற சர்வர்ல ரீஸ்டோர் பண்ணலாம். சர்வர் விர்ச்சுவல் மெஷினா இருந்தா விர்ச்சுவல் மெஷின்கள ஓட்டற ஹைப்பர்வைசரோட அட்மின் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தா டிஸ்க், மெமரி எல்லாமே அவர் கைல, அந்த ஆள் உங்க லிஸ்ட்லயே வர்றதில்ல. ஸ்டோரேஜ் பாக்கறவரும் வர்றதில்ல. லாகின மட்டும் எடுக்கறது, வாசக்கதவ பூட்டிட்டு சாவிய ஜன்னல் மேடைல வெச்சுட்டு போற மாதிரிதான்.

இத சொன்னதும் டிடிஇ போட்டிருக்கோமேன்னு பதில் வரும். டிடிஇ, அதாவது டிஸ்க்ல இருக்கற டேட்டாபேஸ் ஃபைல என்க்ரிப்ட் பண்ற ட்ரான்ஸ்பேரண்ட் டேட்டா என்க்ரிப்ஷன், நல்ல விஷயம்தான், டிஸ்க் திருடு போனாலோ சர்டிஃபிகேட் இல்லாம பேக்கப் மட்டும் வெளிய போனாலோ காப்பாத்தும். ஆனா ஓடிட்டு இருக்கற சர்வருக்குள்ள உரிமையோட வந்துட்ட ஒருத்தருக்கு அது எல்லாத்தையும் திறந்து படிக்க குடுக்கும், அதோட வேலையே அதுதான். மைனஸ் எம் வழியா வந்தவருக்கும் அப்படித்தான். டிடிஇ இருக்கு, அதனால அட்மின் ஆக்சஸ் ரிஸ்க் குறைஞ்சுடுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதறத தயவுசெஞ்சு நிறுத்துங்க.

அப்ப என்னதான் பண்றது. மெஷினோட அட்மின மெஷினுக்குள்ள இருக்கற டேட்டாபேஸ்ல இருந்து முழுசா தடுக்க முடியாது, இத ஒத்துக்கிட்டு ஆரம்பிச்சா நல்ல வழி இருக்கு. அந்த இடத்துக்கு வர்ற ஆட்கள குறைக்கணும், வந்தா வெளிய இருக்கற ஒருத்தருக்கு உடனே தெரியணும், வந்தும் படிக்க முடியாத மாதிரி டேபிள்ல முக்கியமான சில காலம்கள (நெடுவரிசைகள) வெச்சிருக்கணும்.

2013ல அமெரிக்க உளவு ஏஜென்சி என்எஸ்ஏவோட ரகசியங்கள ஸ்னோடன் வெளியிட்டப்ப அவங்க என்ன பண்ணாங்கன்னு ஞாபகம் இருக்கும். ஸ்னோடன் சிஸ்டம் அட்மினா வேலை பாத்தவர். அப்ப தலைவரா இருந்த கீத் அலெக்சாண்டர் ரெண்டு விஷயம் சொன்னார், முக்கியமான ஆக்சஸுக்கு ரெண்டு பேர் சேந்துதான் செய்யணும்னு ஒரு விதி, அப்புறம் சிஸ்டம் அட்மின் எண்ணிக்கைய சுமார் 90 சதவீதம் குறைக்கறோம்னு. அந்த ஏஜென்சிய பத்தி ஆயிரம் விமர்சனம் இருக்கு, அது வேற பேச்சு, ஆனா அடிபட்டதும் அவங்க கை வெச்ச இடங்கள்ல ஒண்ணு ஆள் எண்ணிக்கை.

நம்ம பக்கம் பாத்தா, புதுசா சேந்த எல்1 (முதல் நிலை சப்போர்ட்) பையனுக்குக்கூட ஆன்போர்டிங் டெம்ப்ளேட்ல சர்வர் சப்போர்ட்னு ஒரு குரூப் தானா வந்துடுது, அந்த குரூப் இன்னொரு குரூப்புக்குள்ள, அது இன்னொண்ணுக்குள்ள, கடைசில எல்லா டேட்டாபேஸ் நோட்லயும் லோக்கல் அட்மின். அவனுக்கே அது தெரியாது. நீங்க கேக்க வேண்டிய முதல் டாக்குமெண்ட் இதுதான், கிளஸ்டரோட ஒவ்வொரு நோட்லயும், டிஆர் நோடு உட்பட, லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்ப உள் குரூப் வரைக்கும் பிரிச்சு ஆள் பேரோட ஒரு லிஸ்ட். அந்த லிஸ்ட் மூணு நாலு பேருக்கு மேல போனா ஏன்னு கேளுங்க. டேட்டாபேஸ் நோடுகளுக்குன்னு ஆக்டிவ் டைரக்டரில (கம்பெனியோட யூசர், மெஷின் எல்லாத்தையும் நிர்வகிக்கற இடம்) தனி ஓயூ, அதாவது தனி பிரிவு, தனி குரூப் பாலிசி, யாரும் கைல ஆள் சேத்தா பாலிசி திருப்பி எடுத்துடற மாதிரி. மத்த சர்வர்களுக்கு இருக்கற பொதுவான சப்போர்ட் குரூப் இங்க வரவே கூடாது.

அப்ப பேட்ச் யார் போடறதுன்னு சர்வர் டீம் கேப்பாங்க, நியாயமான கேள்வி. பாதி வேலைக்கு முழு அட்மின் தேவையில்ல, குரூப்ப நகத்தறது, நோட தற்காலிகமா நிறுத்தி வைக்கறது, திரும்ப சேக்கறது, இந்த மூணு நாலு கமாண்ட மட்டும் ஜஸ்ட் இனஃப் அட்மினிஸ்ட்ரேஷன் வழியா குடுக்கலாம், பவர்ஷெல்லோடயே வர்ற வசதி, தனியா காசு குடுக்க வேண்டாம். பேட்ச் நைட்டுக்கு நிஜமாவே அட்மின் வேணும்னா டிக்கெட் நம்பரோட சில மணி நேரத்துக்கு குடுத்து, முடிஞ்சதும் தானா போயிடற மாதிரி செய்யணும். சர்வீஸ் அக்கவுண்டுக்கு குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட், எஸ்க்யூஎல் சர்வர் 2016ல இருந்து கிளஸ்டர்லயும் ஆதரிக்குது, பாஸ்வேர்ட் எந்த மனுஷனுக்கும் தெரிய வேண்டியதில்ல, தானா மாறிக்கும். எக்ஸெல்ல சர்வீஸ் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் எழுதி வெச்சிருக்கற இடத்துல மத்ததெல்லாம் பேசி பிரயோஜனம் இல்ல.

தெரிய வைக்கறதுன்னு சொன்னேனே, அதுல முக்கியம் லாக் அந்த மெஷின்லயே தங்கக்கூடாது. எஸ்க்யூஎல் சர்வர் ஆடிட்ட விண்டோஸ் செக்யூரிட்டி லாகுக்கு எழுத வெச்சு, அங்க இருந்து உடனுக்குடன் வெளிய எஸ்ஐஇஎம்முக்கு (எல்லா லாகையும் சேத்து கண்காணிக்கற தனி சிஸ்டம்) போகணும், அந்த எஸ்ஐஇஎம் மேல சர்வர் டீமுக்கும் அதிகாரம் இருக்கக்கூடாது, எங்களுக்கும் இருக்கக்கூடாது. சர்வர் சிங்கிள் யூசர் மோட்ல எழுந்தா எரர்லாக்ல ஒரு வரி விழும், அந்த வரிக்கு ஒரு அலர்ட் இருக்கா? கிளஸ்டர் ரிசோர்ஸ் மெயிண்டனன்ஸ் நேரம் இல்லாதப்ப ஆஃப்லைன் ஆனா யாருக்காவது ஃபோன் போகுதா? லோக்கல் அட்மின் குரூப்ல புது ஆள் சேந்தா? 2022 ஏப்ரல்ல இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி லாக்க 180 நாள் வெச்சிருக்கணும், சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். எல்லாரும் 180 நாள் ஃபைல் இருக்கான்னு பாக்கறீங்க, அந்த ஃபைல யாரு அழிக்க முடியும்னு பாக்கறதில்ல.

மூணாவதா சொன்ன, வந்தும் படிக்க முடியாத மாதிரி வைக்கறதுக்கு ஆல்வேஸ் என்க்ரிப்டட், 2016ல வந்தது. சாவி அப்ளிகேஷன் பக்கம் இருக்கும், சர்வருக்கு எப்பவுமே என்க்ரிப்ட் ஆன டேட்டாதான் தெரியும், விண்டோஸ் அட்மின் வந்தாலும் நான் வந்தாலும் ஒரே குப்பைதான் கண்ணுல படும். இதுக்கு விலை உண்டு, அத மறைக்கல. என்க்ரிப்ட் ஆன அந்த காலம்ல (நெடுவரிசைல) லைக் போட்டு, அதாவது பாதி வார்த்தைய வெச்சு, தேட முடியாது, பெருசு சின்னது பாக்க முடியாது, 2019ல வந்த செக்யூர் என்க்ளேவ் (சர்வர் மெமரில பாதுகாப்பா பிரிச்சு வெச்ச ஒரு பகுதி) வெச்சா ஓரளவு முடியும், எப்படியும் அப்ளிகேஷன் டீம் உக்காந்து கோட மாத்தணும். எல்லா டேபிளுக்கும் போட சொல்லாதீங்க. ஆதார் நம்பர், பான், சம்பளம், மெடிக்கல் விவரம் இந்த மாதிரி நாலஞ்சு காலம எடுத்துக்கோங்க, அதுக்கு பட்ஜெட் குடுங்கன்னு மேனேஜ்மெண்டுக்கு நீங்க எழுதுங்க, நாங்க எழுதினா யாரும் படிக்கறதில்ல. 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்த காட்டி நீங்க கேட்டா காதுல விழும்.

இன்னொண்ணும் சொல்லணும், எங்க ஆட்களுக்கு கோவம் வரலாம். கேள்வி எல்லாம் சர்வர் டீம பாத்தே கேக்கறீங்க, டிபிஏக்கள்ல எத்தனை பேர் அதே நோடுகள்ல லோக்கல் அட்மினா இருக்காங்கன்னு கேக்கறதில்ல. எஸ்க்யூஎல் இன்ஸ்டால் பண்ண, அப்டேட் போட அட்மின் வேணும், அதுக்காக வாங்கினது அப்படியே நிரந்தரமா நின்னுடுது. சிஸ்அட்மினும் நானே, விண்டோஸ் அட்மினும் நானேன்னா, நான் ஆடிட்ட நிறுத்தலாம், லாக்க அழிக்கலாம், திரும்ப ஆன் பண்ணலாம். பிரிக்கறதுன்னா ரெண்டு பக்கமும் பிரிக்கணும், எங்ககிட்ட இருந்தும் எடுங்க, தேவைப்படறப்ப டிக்கெட் போட்டு வாங்கிக்கறோம்.

உங்ககிட்ட ஒரு கோரிக்கை. அடுத்த ஆடிட்டுக்கு வர்றப்ப ஸ்க்ரீன்ஷாட் கேக்காதீங்க, ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. ப்ரொடக்ஷன் மாதிரியே இருக்கற யுஏடி (சோதனை) கிளஸ்டர்ல, உங்க கண்ணு முன்னால, டேட்டாபேஸ்ல எந்த உரிமையும் இல்லாத ஒரு விண்டோஸ் அட்மின் உள்ள போய் பாக்கட்டும், செகண்டரி நோட்ல இருந்தும் முயற்சி பண்ணட்டும், சிங்கிள் யூசர் மோட்ல எழுப்பட்டும். அப்புறம் ஒரு தடவ ஃபெயிலோவர் பண்ணி, நீங்க எடுக்க சொன்ன லாகின்கள் எல்லாம் இல்லாமலும் கிளஸ்டர் எழுந்து நிக்குதான்னு பாருங்க. அவர் உள்ள நுழைஞ்ச நேரத்தையும், செக்யூரிட்டி டெஸ்க்ல இருந்து முதல் ஃபோன் வந்த நேரத்தையும் குறிச்சுக்கோங்க, ஃபோனே வரலைன்னா அத முதல் ஃபைண்டிங்கா எழுதுங்க. எந்த தேதின்னு சொன்னீங்கன்னா நாங்களும் சர்வர் டீமும் சேந்து கிளஸ்டர ரெடி பண்ணி வெக்கறோம்.

இப்படிக்கு,
ஒரு டேட்டாபேஸ் அட்மின்